பழைய கப்பலுக்குப் போன கலைமணி

பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஹார்டுவேர் கடையில், பெயிண்டு டப்பாக்களுக்கும் பிவிசி பைப்புகளுக்கும் நடுவே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் கவிப்பிரியா அந்தக் கப்பலைப் பற்றிப் படித்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவள் கடையை நடத்தும் கலைமணி. ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு. கடையில் ஆள் இல்லை. கலைமணியின் கொழுந்தன் மாதவராஜ் மட்டும் தராசுப் பக்கம் நின்று ஆணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான்.

கவிப்பிரியா பக்கத்து வீட்டுப் பெண். கைபேசிச் செயலிகளுக்கு இங்கிலீஷிலிருந்து தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தபடியே செய்கிறவள், அதிகம் பேசாதவள். பெயிண்டு கம்பெனி அந்த வருடம் நன்றாக விற்ற டீலர்களைக் கப்பலில் கூட்டிப்போகப் போகிறது, சென்னையில் ஏறி இலங்கை வரை போய்த் திரும்ப ஐந்து நாள் என்று கடைக்குக் கடிதம் வந்திருந்தது. கப்பலின் பெயரைத் தேடினால், ஏற்கெனவே போய்வந்தவர்கள் எழுதியது பக்கம் பக்கமாக வந்தது.

வேலையாட்கள் அன்பானவர்கள், சாப்பாடு நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்ததை கவிப்பிரியா முதலில் சொன்னாள். கலைமணி கொஞ்சம் கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நல்லத நானே போயிப் பாத்துக்கறேன் கண்ணு. கெட்டத மொதல்ல படி."

கப்பலுக்கு முப்பத்திரண்டு வயது என்று ஒருவர் எழுதியிருந்தார். நம்ம தம்பியை விடச் சின்னதுதான் என்றாள் கலைமணி. மாதவராஜ் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஆணிக்குக் குனிந்துகொண்டான். ரொம்பப் பெரிய கப்பலும் இல்லை, சின்னதும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் பிடிக்கும், அலை இருந்தால் ஆட்டம் தெரியும் என்று இன்னொருவர். பால்கனி கிடையாது. பாத்ரூமில் திரும்பினால் முழங்கை இடிக்கும். நம்ம வூட்டுப் பாத்ரூமுல மட்டும் என்ன வண்டியா ஓட்டறோம் என்று கேட்டுவிட்டு, மேலே படிக்கச் சொன்னாள். ரூமுக்கு ஒரே ஒரு பிளக். லிஃப்ட் வருவதற்குள் மாடிப்படி ஏறிவிடலாம். கம்பிகளில் துரு. "துருவுக்கு ரெட் ஆக்ஸைடு அடிக்காம மேலயே பெயிண்ட அடிச்சிருப்பாங்க" என்றாள் கலைமணி. துருவின் மேலேயே பெயிண்டு என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள் என்று கவிப்பிரியா சொன்னபோது கலைமணிக்குத் திருப்தியாக இருந்தது.

பாத்ரூமில் சாக்கடை வாடை என்று ஒரு அம்மாள் ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தாள். இரண்டு நாள் தூங்கவே இல்லையாம்.

"ரூமு ரொம்ப நாளு பூட்டிக் கெடந்திருக்கும். ஓட்டைக்குக் கீழ வளைவுல நிக்கிற தண்ணி வத்திப் போச்சின்னா வாடை மேல ஏறும். ரெண்டு மக் தண்ணி ஊத்துனா போயிரும். இதுக்குப் போயி தூங்காம இருந்துருக்குது பாவம்."

அப்போதுதான் மாதவராஜ் பொட்டலத்தை வைத்துவிட்டுப் பேசினான். இத்தனை கேட்ட பிறகும் போகணுமா, கப்பல் நடுக்கடலில் நின்றால் யாரைக் கூப்பிடுவது, ஒகேனக்கல் பரிசலிலேயே கண்ணை மூடிக்கொண்டவர்தானே நீங்கள் என்று நிதானமாகத்தான் சொன்னான்.

"நீங்க எதுக்கு அண்ணி செரமப்படறீங்க? நானும் எங்க வூட்டுலயும் போயிட்டு வந்துர்றோம்."

"உங்க வூட்டுக்காரி தொப்பூர் கணவா தாண்டறதுக்குள்ள வாந்திக்கு மூணு கவரு கேப்பா. கடலு எத்தன நாளு தெரியுமில்ல தம்பி?"

மாதவராஜ் சிரித்துவிட்டான். கலைமணி சிரிக்கவில்லை. படித்ததில் சரிபண்ண முடியாதது ஒன்றுகூட இல்லை என்று சொல்லிவிட்டு, கவிப்பிரியாவிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. பேச்சு அத்தோடு முடிந்தது.

மேலுக்குப் பார்த்தால் இது சுற்றுலாப் பேச்சு. விஷயம் வேறு. கலைமணியின் வீட்டுக்காரர் குப்புராஜ் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கம்பெனிக் காகிதத்தில் டீலர் என்று இன்னும் அவர் பெயர்தான். புது ஒப்பந்தத்தைக் கப்பலில் நடக்கும் கூட்டத்தில் எழுதப்போவதாகவும், யார் வருகிறார்களோ அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்றும் ஏரியா ஆபீசர் முனிராஜ் சொல்லியிருந்தார். கடைக்கு ஒரு ரூம், ரூமுக்கு இரண்டு கட்டில். அண்ணியும் கொழுந்தனும் ஒரு ரூமில் தங்க முடியாது. ஆகவே மாதவராஜ் மனைவியோடு போக வேண்டும், அல்லது கலைமணி ஒரு பெண் துணையோடு போக வேண்டும்.

மாதவராஜ் கெட்டவன் இல்லை. பதினோரு வருடம் கடை வண்டியை ஓட்டியவன். சிமெண்டு மூட்டையும் கம்பியும் அவன் தோளில்தான் ஏறி இறங்கின. அண்ணனுக்குப் பிறகு தம்பி என்பது அவனுக்குக் கேள்வியாகவே தோன்றவில்லை. ஆனால் கலைமணியும் இருபது வயதில் கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கடையில்தான் நின்றாள். குழாயின் மரையைக் கட்டைவிரலால் தடவியே அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று சொல்வாள். சுவரின் உதிர்ந்த செதில் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தால் அதே கலரைக் கலந்து கொடுப்பாள். குப்புராஜ் உயிரோடு இருந்தபோதே கொத்தனார்கள் "அக்கா இருக்காங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கடை அவள் கையில் இருக்கப்போகிறதா, இல்லை அவள் கடையில் ஒரு ஓரமாக இருக்கப்போகிறாளா என்பது அந்தக் காகிதத்தில் இருந்தது.

சேலத்துக்கு இரண்டு தடவை போய் பாஸ்போர்ட் வாங்கினாள். கவிப்பிரியாவின் அம்மாவிடம் தானே போய்க் கேட்டு அனுமதியும் வாங்கினாள்.

கப்பல் வெளியிலிருந்து வெள்ளையாக, பெரிதாக இருந்தது. கலைமணி ஏணிப்படியில் நின்று பக்கச் சுவரை நகத்தால் தட்டி, ஏழெட்டுப் பூச்சு இருக்கும் என்றாள். உள்ளே நுழைவதற்கு முன்பே முதல் தகராறு வந்தது. ரூமுக்கு ஒரே பிளக் என்ற செய்தி எல்லா டீலர்களுக்கும் எப்படியோ எட்டியிருந்தது. ஹார்டுவேர் கடைக்காரர்கள் என்பதால் ஆளுக்கொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். தீப்பிடிக்கும் என்று கப்பலில் அதற்கு அனுமதி இல்லை. ஸ்கேன் மிஷினுக்குப் பக்கத்து மேசையில் அறுபது பெட்டிகள் குவிந்தன. பாதிக்கு மேல் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை. டோக்கன் கொடுத்த வெள்ளைச் சட்டைக்காரர், இவர்கள் கப்பலுக்குப் புதிதாக வயரிங் பண்ண வந்தவர்களா என்று இங்கிலீஷில் பக்கத்து ஆளிடம் கேட்டார். கவிப்பிரியா அதை மொழிபெயர்க்கவில்லை.

ரூமின் ஜன்னலுக்கு நேராக ஆரஞ்சு நிறத்தில் ஒரு உயிர்காப்புப் படகு தொங்கியது. கடல் அதற்கு அடியில் ஒரு விரற்கடை தெரிந்தது. மற்ற டீலர்கள் இப்படிப்பட்ட ரூமை மாற்றித் தரச் சொல்லி முனிராஜோடு மல்லுக்கட்டினார்கள். கலைமணி படகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அது நம் வாசலிலேயே நிற்கிறது, ஓடிப்போய்த் தேட வேண்டாம் என்றாள். பாத்ரூமைத் திறந்தால், எழுதியிருந்த அதே வாடை. பல் தேய்க்கும் கிளாஸில் தண்ணீர் பிடித்து ஏழெட்டுத் தடவை ஓட்டையில் ஊற்றினாள். கால் மணி நேரத்தில் போய்விட்டது.

படித்ததில் பெரும்பாலும் உண்மைதான் என்பதை கவிப்பிரியா முதல் நாளே கண்டாள். கூரை தாழ்வு, கம்பளத்தின் நடுப்பகுதி தேய்ந்து வழி போல வெளுத்திருந்தது, கதவுகள் கனமாகத் தானாகவே சாத்திக்கொண்டன. எழுதாததும் சில இருந்தன. கப்பலைச் சுற்றி முழுவதும் நடக்கிற மாதிரி மரத்தளம் போட்டிருந்தது. காலையில் நாலு பேர் அதைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடிப் பித்தளை கை பட்டுப் பட்டு மழமழவென்று இருந்தது. இந்தப் பித்தளை இப்போது வராது, வந்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள் என்று கலைமணி சொல்லிக்கொண்டே அதைத் தடவியபடி ஒரு சுற்று நடந்தாள்.

அன்று சாயங்காலம் முனிராஜ் சாப்பாட்டு ஹாலில் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார். அவர் ரூமில் வாடை தாங்கவில்லை, மனைவி வெளியே நாற்காலியில் இருக்கிறாள், வேறு ரூம் காலி இல்லையாம். கலைமணி அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். மறுநாள் விடிந்ததிலிருந்து கதவு தட்டிக்கொண்டே இருந்தது. அக்கா, எங்க ரூம்ல குழாய் சொட்டுது. அக்கா, அலமாரிக் கதவு கப்பல் ஆடினா தானா தொறக்குது. அரூர்க்காரர் ஒருவரின் தாழ்ப்பாளைக் கொண்டை ஊசியால் சரிசெய்தாள். காகிதத்தை நாலாக மடித்து அலமாரிக்கு ஆப்பு வைத்தாள். இதெல்லாம் அவர்களுக்கே தெரிந்த வேலைதான், கடல் என்றதும் மறந்து போய்விட்டது என்று கவிப்பிரியாவிடம் சொன்னாள்.

கூட்டம் மூன்றாம் நாள் காலை கப்பல் அரங்கில் நடந்தது. அலை அதிகம், பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலத்து அரங்கு என்பதால் நடுநடுவே தூண்கள். கலைமணிக்குத் தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. ஊர் ஊராகப் பெயர் கூப்பிட்டு, கண்ணாடி ஷீல்டு கொடுத்து, மேசையில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பாப்பாரப்பட்டி வந்தது.

"பாப்பாரப்பட்டி, திரு. மாதவராஜ்."

கலைமணி எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். கவிப்பிரியா திரும்பிப் பார்த்தாள், கலைமணி அசையவில்லை. மாதவராஜ் எப்போதோ போனில் தன் பெயரைக் கொடுத்திருக்கிறான், ஷீல்டிலும் காகிதத்திலும் அதுவே அச்சாகியிருக்கிறது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. முனிராஜ் தூணைச் சுற்றிக்கொண்டு வந்து குனிந்தார்.

"அக்கா, கம்பெனிப் பெரியவரு மேடையில நிக்கறாருங்க. இப்ப வாங்கிக்குங்க, பேர அப்பறம் மாத்திக்கலாம்."

"அப்பறம்னா எப்பங்க சார்?"

"ஊருக்குப் போயிங்க."

"ஊருல அவரு இருப்பாரு. இங்க நான்தான் இருக்கறேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "மாத்திக் கொண்டாங்க. நான் எங்க போயிறப் போறேன், சுத்தியும் தண்ணி."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அரூர்க்காரர் எழுந்து, அந்தக்கா இல்லாவிட்டால் ஆபீசர் இன்னேரம் படகில் தூங்கிக்கொண்டிருப்பார் என்று சத்தமாகச் சொன்னார். சிரிப்பு மேடை வரைக்கும் போனது. சென்னையிலிருந்து வந்திருந்த மேலதிகாரி மைக்கைப் பிடித்தபடி என்ன விஷயம் என்று கேட்டார். அறுபது கடைக்காரர்களில் ஒரு பத்துப் பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியவில்லை. அடுத்த ஊரைக் கூப்பிட்டார். கலைமணி கடைசி வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் ரூமுக்கு வந்தாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. கப்பல் ஆட்டம் என்றாள்.

நான்காம் நாள் காலை முனிராஜ் வரவேற்பு மேசையில் அச்சடித்த புதுக் காகிதத்தோடு மரத்தளத்துக்கு வந்தார். பெயர் கலைமணி என்று இருந்தது. பெரியவரே மாற்றித் தரச் சொல்லிவிட்டார் என்றார். கவிப்பிரியா ஆறு பக்கத்தையும் வரி விடாமல் படித்துச் சொன்னாள், கெட்டதை முதலில். பிறகு கலைமணி காகிதம் பறக்காமல் இருக்கப் பித்தளைக் கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஷீல்டை மட்டும் மாற்ற முடியவில்லை, கண்ணாடியில் பொறித்தாகிவிட்டது. சென்னையில் இறங்கும்போது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேசையில் ஒரு மணி நேரம் ரகளை. எது யாருடையது என்று தெரியாமல் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஊருக்கு வந்ததும் கலைமணி ஷீல்டை மாதவராஜிடம் கொடுத்தாள். உங்க பேருலதான் குடுத்தாங்க தம்பி என்றாள். அவன் வாங்கிக்கொண்டான். மூன்று வாரம் கடைக்கு வரவில்லை. வண்டிக்கு வெளியாள் வைத்து ஓட்டினாள். நான்காவது வாரம் ஒரு காலையில் வந்து, சாவியை எடுத்து வண்டியைக் கழுவினான். ஷீல்டு அவன் வீட்டு டிவிக்கு மேலே இருக்கிறது. கலைமணி அந்தப் பக்கம் போனால் அதை நின்று பார்ப்பதும் இல்லை, பார்க்காமல் திரும்புவதும் இல்லை. வண்டியைக் கழுவிய அன்று மத்தியானம் டீ குடிக்கும்போது அவனே கேட்டான், கப்பல் எப்படி இருந்தது என்று. பாத்ரூமிலிருந்து படகு வரைக்கும் எல்லாம் சொன்னாள். கூட்டத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, கவிப்பிரியா சுவருக்கு ஆணி வாங்கப் போயிருந்தபோது, கலைமணி அவளை அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவள் கேட்டது இதுதான்:

"அன்னிக்கு நீ போன்ல படிச்சியே, போயிட்டு வந்தவங்க எழுதுனது. அதுல நம்மளும் எழுதலாமா கண்ணு? எழுதலாம்னா எனக்காக எழுது. பழசுதான், ஆனா கெட்டுப் போனது இல்லேன்னு எழுது. கெட்டத மொதல்ல சொல்லிரு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டார வேணாம்னு சொல்லு. என் பேரப் போடு. அந்தம்மா ரெண்டு நாளு தூங்கலன்னு எழுதியிருந்துதே, அது மாதிரி இன்னொருத்தரு தூங்காம கெடக்கக் கூடாது. ரூமுக்குப் போனதும் ரெண்டு மக் தண்ணி ஊத்தச் சொல்லு. அத மறந்துராத."