கடலில் போன விடைத்தாள்

கொக்கட்டிச்சோலையில் நல்லரத்தினத்துக்குப் பெயரே 'பீகொம் மருமகன்'தான். அவர் இன்னும் பீகொம் பாஸ் பண்ணவில்லை என்பதை ஊர் பெரிதாக எடுக்கவில்லை. ஏழு வருடமாகப் படிக்கிறாரே, போதாதா? வீட்டிலிருந்தே படித்து, கொழும்புக்குப் போய்ச் சோதனை எழுதினால் லண்டன் சர்வகலாசாலை கணக்கியலில் பட்டம் தரும் என்று யாரோ சொன்னது அவருக்கு நல்ல வசதியாகப் போயிற்று. அவர் பெண் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. வீடும் வட்டை வயலும் மனைவி மங்கையற்கரசியின் சீதனம். விதைப்புத் தொடங்கினால் புத்தகத்தைத் திறப்பார். அறுத்த கதிரைச் சூடு மிதித்து நெல் வீடு வந்ததும் மூடுவார். மாமனார் கதிர்காமத்தம்பி முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, "மருமகன் படிக்கிறாரு, கூப்பிடாதீங்கடா" என்று கூலியாட்களை அதட்டுவார்.

தட்டிக்கழிக்க வழியில்லாமல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் ஒருவாறு சோதனை எழுதினார். சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையின் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. வித்தியாசப்பட்ட தொகையை, பிழை பிடிபடும்வரை போட்டுவைக்கும் தொங்கல் கணக்கில் தள்ளிவிட்டு எழும்பி வந்தார். இரண்டு கேள்விகளை அவர் தொடவேயில்லை.

சில மாதங்களில் கடிதம் வந்தது. விடைத்தாள்களை ஏற்றிப்போன கப்பல் யுத்தத்தில் மூழ்கிவிட்டதாம். நல்லரத்தினத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வெளிக்குத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

ஊர் துக்கம் விசாரிக்க வந்தது. வெற்றிலைத் தட்டு மூன்று முறை நிரம்பிக் காலியானது. ஏறாவூர் நெல் வியாபாரி உசனார் கூடத் தோணியேறி வந்து, "ஒரு கடதாசியாவது மிஞ்சல்லியா தம்பி?" என்று கண்கலங்கினார்.

"முழுப் பீகொம்மும் கடலுக்குள்ள போயிற்றே!" என்று மாமனார் விம்மினார்.

"விதி மாமா" என்றார் நல்லரத்தினம். சொன்ன விதத்தில் அவருக்கே அழுகை வந்துவிட்டது.

கடிதத்தின் கடைசி வரியை அவர் பிறகுதான் பார்த்தார். அடுத்த வருடம் கட்டணமில்லாமல் மறுபடி எழுதலாமாம். கட்டாயம் பாஸாகியிருக்க வேண்டிய மனிதன் இந்த முறை கோட்டை விட்டால், மூழ்கிய தாளின் லட்சணமும் ஊருக்கு வெளிச்சமாகிவிடும்.

பயத்தில் மனிதர் உண்மையாகவே படித்தார். சோறு ஆறியது, தாடி வளர்ந்தது. இரண்டு பக்கமும் சதம் பிசகாமல் ஒத்துவரும்வரை ஐந்தொகை போட்டுப் போட்டுப் பழகினார். கொழும்பில் எல்லாக் கேள்விக்கும் எழுதினார். இரண்டாம் வகுப்பில் பாஸ் என்று பதில் வந்தபோது கொல்லைக்குள் போய் நின்று அழுதார். இந்த முறை அது சொந்த அழுகை.

ஊர் மறுபடி வந்தது.

"சந்தோசம் தம்பி" என்றார் உசனார். "ஆனா கடல்ல போனதுதான் போனது."

"அது முதலாம் வகுப்பெல்லோ!" மாமனார் பெருமூச்சு விட்டார். "இது என்னமோ, மனம் உடைஞ்சு எழுதினது."

நல்லரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் ஆயுளில் உழைத்துச் சம்பாதித்த ஒரே பொருளை இப்படி மட்டம் தட்டுகிறார்களே! மனைவியை அறைக்குள் கூப்பிட்டார்.

"மங்கை, சத்தியமாச் சொல்றன். கடல்ல போன பேப்பர் குப்பை. கப்பல் போய்ச் சேந்திருந்தா நான் பெயில். இதுதான் நான் படிச்சு எடுத்தது."

மங்கையற்கரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டு வேலியருகில் அவள் குரல் கேட்டது.

"அன்னப்பூரணி அக்கா, இஞ்ச வாங்களன். முதல் எழுதினது குப்பையாம் எண்டு சொல்றாரு இந்த மனிசன். இவ்வளவு படிச்சும் என்ன அடக்கம் பாருங்க!"