இடது மூலையில் விழாத பந்து

டேபிள் டென்னிஸில் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அவளை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். அவள் என்னுடன் பள்ளியில் படித்தவள். முப்பத்தைந்து வருஷமாகப் பெண்கள் இரட்டையர் ஆட்டத்தில் என் ஜோடி. தனி ஆட்டத்தில் மட்டும் நான் ஒருமுறைகூட அவளைத் தாண்டியதில்லை. ஐம்பத்து மூன்றாவது வயதில் தாண்டினேன். எப்படித் தாண்டினேன் என்று யாருக்கும் சொல்லாமல் நாலு மாதம் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், வந்தவர்களுக்கெல்லாம் போட்டோ காட்டினேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது.

என் அப்பா கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து கோலார் தங்கவயலுக்கு வந்தவர். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவள் வீடு அங்கேயே பாலகாட் சுரங்கத்துப் பக்கம். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். பள்ளியில் இருந்த நாலு பேட்டில் ஒன்றுக்குக் கைப்பிடி உடைந்திருந்தது. முந்திக்கொண்ட நாங்கள் மூன்று பேர் நல்ல பேட்டுகளை எடுத்துக்கொள்வோம், உடைந்தது அவளுக்குப் போகும். பிடிக்கக் கைப்பிடி இல்லாததால் அவள் அதைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து ஆடக் கற்றுக்கொண்டாள். பின்னாளில் டிவியில் சீனர்கள் அப்படியே பிடித்து ஆடுவதைப் பார்த்துவிட்டு கிளப்பில் எல்லாரும் அவளைச் சீனாக்காரி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள்.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் கட்டிய ஒரு கூடம், இரண்டு மேஜை. அம்பயர் கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பந்து மேஜையின் விளிம்பில் பட்டதா, படாமல் போனதா என்று சந்தேகம் வந்தால், அடித்தவர்தான் சொல்ல வேண்டும். பட்டிருந்தால் அவர் கையைத் தூக்குவார், பாயின்ட் அவருக்கு. தூக்காவிட்டால் எதிராளிக்கு. மறுபேச்சு கிடையாது. வெளியூர் ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள், லாபம் வரப்போகிறவனையே சாட்சி கேட்பீர்களா என்று. எங்கள் கூடத்தில் யாரும் பொய்யாகக் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் வீட்டில்தான் இருப்பேன். வாரத்தில் ஆறு நாள் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள், அந்த ஒரு நாள் அசையமாட்டாள். சாப்பிட்ட பிறகு போனை ஊறுகாய் ஜாடிமேல் சாய்த்து வைத்து, உலகப் போட்டிகளைப் பார்ப்போம். ஒருநாள் இரண்டு ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே பெண்கள் ஆட்டம். பார்த்தால், நெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சீன முகம், அந்தப் பக்கம் ஒரு சீன முகம். இரண்டு பேருமே அங்கே பிறந்து, அங்கே ஆடக் கற்று, பிறகு வேறு நாட்டுக்குப் போய் அந்தக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டவர்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வெக்கமா இருக்காது? சோறு போட்டு ஆட்டம் சொல்லிக்குடுத்த நாட்டை விட்டுட்டு, நாளைக்கு அதுக்கே எதிரா வந்து நிப்பாங்களே" என்றேன்.

"நீ ஒருத்தி. அங்க ஆடறவங்க லட்சம் பேரு. டீம்ல எடுக்கறது கை வெரலு எண்ணிக்கை. மிச்சம் இருக்கறவங்க இன்னா, பேட்டை அடுப்புல போடணுமா? நாங்க வேலைக்கு பெங்களூரு ஓடலியா, அந்த மாதிரிதான்" என்றாள் அவள்.

நான் விடவில்லை. ஊர் மாறிப் போகட்டும், கூடவே பயிற்சி எடுத்தவளுக்கு எதிராக நிற்கும்போது என்ன செய்வாள் என்று கேட்டேன். அவள் சரிந்த போனை நிமிர்த்தி வைத்தாள்.

"கூட ஆடனவளுக்கு எங்க வலிக்கும்னு தெரியும் இல்ல? அதைப் பாத்து அடிப்பாளான்னு கேக்கற."

"அடிக்கத்தானே வேணும். ஆட்டம்னா ஆட்டம்."

"அடிக்கலாம். ஆனா வூட்டுக்குப் போயி எப்டி தூங்கறது" என்றாள். பிறகு அடுத்த சர்வ் வந்தது, பேச்சு மாறிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. நான் பெங்களூரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் மகளின் அபார்ட்மெண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு கிளப். ஏசி, நீல மேஜைகள், என் வயதில் பன்னிரண்டு பெண்கள். தங்கவயலில் ஆடியவள் என்று தெரிந்ததும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அங்கே நான்தான் முதல் ஆள். வாழ்க்கையில் முதல்முறையாக முதல் ஆள். அந்தக் கிளப் பெயரில் ஆடச் சொன்னார்கள், சரி என்றேன். இதை என் ஜோடியிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னைப் போயி சீனாக்காரின்னாங்களே. நெசமான சீனாக்காரி நீதாண்டி. போ, போயி ஆடு" என்றாள். அதில் துளி வருத்தம்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

போன வருஷம் அவளுக்கு இடது பக்கம் வருவதெல்லாம் தெரியாமல் போக ஆரம்பித்தது. ரயிலில் பக்கத்தில் வந்தவர்மேல் இடித்துக்கொண்டாள். கோலார் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம், இடது கண்ணின் ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கும் சொல்லாத. மாநில டீம் செலக்ஷன் வருது பாரு, ஐம்பது வயசுக்கு மேல. அது ஒன்னுதான் எனக்கு. சின்ன வயசுல வேலை, அப்புறம் சுரங்கம் மூடனாங்க, அப்புறம் ரயிலு. ஒரே ஒரு தபா அந்தச் சட்டையப் போட்டுட்டு உட்டுடறேன்."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

தேர்வின் கடைசிச் சுற்று தங்கவயலில், எங்கள் கூடத்திலேயே நடந்தது. அணியில் மிஞ்சியிருந்தது ஒரே இடம். அதற்கு மிஞ்சியிருந்தவர்கள் இரண்டு பேர், அவளும் நானும். என் கிளப்பிலிருந்து பத்துப் பெண்கள் வேனில் வந்து ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். அவள் பக்கம் அவள் தம்பியும் கூடம் பெருக்கும் அம்மாவும் மட்டும்.

முதல் இரண்டு ஆட்டங்களை அவள் எடுத்துக்கொண்டாள். அந்த உடைந்த பேட் காலத்துப் பிடியில் இப்படித் தட்டி அப்படித் தட்டி என்னை ஓடவிட்டாள். இடைவேளையில் எங்கள் கிளப் செயலாளர் வந்து, "மேடம், அவங்களுக்கு எதாவது வீக்னஸ் இருக்கும் இல்லையா, நீங்கதானே இத்தனை வருஷம் கூட ஆடினீங்க" என்றார். நான் தண்ணீர் குடித்தேன். பதில் சொல்லவில்லை. சொல்லாததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

மூன்றாவது ஆட்டத்திலிருந்து அவளுடைய இடது மூலைக்கே சர்வ் போட்டேன். இதற்கும் ஒரு நியாயம் தயாராக வைத்திருந்தேன். ஊறுகாய் ஜாடிமேல் பார்த்த அந்தப் பெண்களையே சாட்சிக்கு இழுத்தேன். அவர்கள் செய்யாததையா நான் செய்கிறேன், ஆட்டம்னா ஆட்டம்! பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. பார்த்தவர்களுக்கு அவள் களைத்துவிட்டாள் என்று தோன்றியிருக்கும். மூன்றும் நாலும் எனக்கு வந்தன. அவள் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

ஐந்தாவது ஆட்டத்தில் பத்துக்கு ஒன்பது. அவள் பத்து. ஒரு பாயின்ட் எடுத்தால் சட்டை அவளுக்கு. நான் என் பலத்தையெல்லாம் சேர்த்து அவள் இடது மூலைக்கு ஒரு அடி அடித்தேன். பந்து மேஜையைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளிப் போயிற்று. நான் நேராகப் பார்த்தேன். மேஜைக்கும் பந்துக்கும் நடுவில் சுவரின் வெள்ளை தெரிந்தது.

தேர்வுக்கென்று வந்திருந்த அம்பயர் எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்த மூலை அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அந்தக் கூடத்தில் பார்த்த அதே பார்வை. நீ சொல்லு என்கிற பார்வை.

நான் கையைத் தூக்கினேன்.

யோசித்துத் தூக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. யோசித்தேன். ஒரு மூச்சு நேரம் முழுதாக யோசித்துத்தான் தூக்கினேன். அம்பயருக்கு இன்னும் சந்தேகம். "நீவு ஒப்புத்தீரா?" என்று அவளைக் கன்னடத்தில் கேட்டார், ஒத்துக்கொள்கிறீர்களா என்று.

"அவ கை தூக்கிட்டா இல்ல சார், பட்டுதுதான். போடுங்க" என்றாள் அவள்.

பத்துக்குப் பத்து ஆயிற்று. அடுத்த இரண்டையும் நானே எடுத்தேன். வேனில் வந்தவர்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். அவள் மேஜையைச் சுற்றி வந்து என் கன்னத்தைத் தட்டினாள், "நல்லா ஆடு, ஊரு மானத்தைக் காப்பாத்து" என்றாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

தேசியப் போட்டிக்குப் போனேன். முதல் சுற்றிலேயே தோற்றேன். மாநிலச் சட்டை போட்டு எடுத்த போட்டோ வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நாலு மாதத்தில் அவளிடம் போனில் பேசியது மூன்று முறை. வேலை, குழந்தை என்று ஏதோ சொன்னேன். கிளப் பக்கம் அவள் போவதே இல்லை, பேட்டை யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்று அவள் தம்பி சொன்னான். தேர்வு முடிந்ததும் கண் விஷயத்தை அவளே அவனிடம் சொல்லியிருந்தாள், அது மோசமாகிவிட்டதா என்று கேட்டேன். இல்லை, மருந்து கேட்கிறது, டாக்டர் இன்னும் ஆடலாம் என்றுதான் சொன்னார், இவளாகத்தான் விட்டுவிட்டாள் என்றான். அன்றிலிருந்துதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பாலகாட் போனேன். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி, வழி மறந்துட்டன்னு நெனச்சேன், வா, வா" என்றாள். அவள் இடது பக்கம் உட்காரப் போய், பிறகு எழுந்து வலது பக்கம் உட்கார்ந்தேன். பேத்தியைப் பற்றிக் கேட்டாள். நான் நேராக விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பந்து படவில்லை. நான் பார்த்தேன். பார்த்துத்தான் கை தூக்கினேன்.

அவள் கையிலிருந்த புடவையை மடித்து முடித்து மடிமேல் வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் வந்திருந்தேன். இல்லாவிட்டால், ஆயிடுச்சி உடு என்று எப்போதும்போல் சொல்லிவிடுவாள், நான் கொஞ்சம் அழுதுவிட்டுப் பேத்தி போட்டோவைக் காட்டலாம் என்றும் ஒரு மூலையில் நினைத்திருந்தேன்.

"படலியா?" என்றாள்.

"படல."

"நெசமாவா? நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்தேன்."

அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"அந்தப் பக்கம் கண்ணு போனதுல இருந்து நான் சத்தத்தை வெச்சித்தாண்டி ஆடிக்கினு இருந்தேன். ஓரத்துல பட்டா டிக்குன்னு ஒரு சத்தம் வரும். அன்னிக்கி வரல. வரவே இல்லியேன்னு பாத்தா, நீ கையத் தூக்கிக்கினு நிக்கற. நீ தூக்கனா பட்டுதுன்னுதான அர்த்தம்? கண்ணு போன மாதிரி காதும் போயிடுச்சின்னு நெனச்சிக்கினேன். கோலாருக்குப் போயி டெஸ்ட் கூட பண்ணேன். நல்லாத்தான் கீது, ஒன்னும் இல்லன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க" என்றாள். "நான்தான் அந்த சீட்டை நம்பல."