சாப்பாட்டு மேசையைக் கடந்த பிசாசு

"வரலாமுங்களா?"

கதவு விரியத் திறந்து கிடக்கிறது. அடுப்படியிலிருந்து "வாங்க, வாங்க" என்ற குரலும் முன்பே வந்துவிட்டது. ஆனாலும் நிறை சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு அபிமாயெல் வாசற்படியிலேயே நிற்கிறார். கேட்டு, பதில் வாங்கி, கால்மிதியில் பூட்ஸைத் தேய்த்த பிறகுதான் உள்ளே போவார். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அவர்களைத் தாண்டும்போது "நல்லா சாப்பிடுங்க" என்பார். சல்காஹா ஊரில் எல்லாரும் சொல்கிறதுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் வாழைப்பழம் தின்றால்கூட, முன்பின் தெரியாதவனாக இருந்தாலும், சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். ஆனால் முதுகில் அவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்கிறவர் இவர் ஒருவர்தான்.

ஆள் பெரிய உருவம். சிலிண்டர் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு தோள் மேடு தட்டிப்போயிருக்கிறது. நேராக நின்றாலும் எதையோ ஒட்டுக்கேட்பவர் மாதிரி தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். விடிந்ததிலிருந்து தெருத்தெருவாக "காஸ்! காஸ்!" என்று கூவியதில் குரல் கரகரத்துவிட்டது. சிலிண்டரை மாட்டியதும் ரெகுலேட்டரைச் சுற்றிச் சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். வராவிட்டால் "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்பார். வந்தாலும் அதையேதான் சொல்வார், நல்லவேளை இப்போதே கண்ணில் பட்டதே என்று.

ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு வேறு வேலை. சபைக் கட்டடத்துக்குப் பின்னால் தகரம் போட்ட அறையில், இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத குட்டிப் பிள்ளைகளுக்கு அவர்தான் வாத்தியார். அவருக்கே வாசிப்பு கொஞ்சம் தடுமாறும். அதனால் வேதக் கதைகளை மனப்பாடமாகவே சொல்வார். நோவாவின் பேழையில் சிங்கமும் அவரே, எலியும் அவரே. வாரம் முழுவதும் சிலிண்டர் ஏறுகிற தோளில் அன்றைக்குப் பிள்ளைகள் ஏறுவார்கள். "இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மத்த ஆறு நாளும் சுமக்கிறேன்" என்று மனைவி தெல்ஃபினாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. தன்னைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்.

இப்படிப்பட்டவரைத்தான் பிசாசு வேஷத்துக்குப் பிடித்தார்கள்.

இளைஞர் கூட்டத்துத் தலைவி யாதிரா, இருபது வயதுகூட ஆகாத பெண். "பசங்க எப்படியும் போன்ல பேய்ப்படம்தான் பாக்குறாங்க. அதை நாமளே எடுத்து, முடிவுல ஆண்டவரைக் காட்டுவோமே" என்றாள். பாஸ்டர் எலியூ யோசித்துச் சம்மதித்தார். ஜெபக்கூட்டத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு நடனத்துக்குப் போகிற ஒரு பெண், அவள் பின்னாலேயே வீட்டுக்கு வருகிற பிசாசு, இதுதான் கதை. பெண் வேஷத்துக்குப் போட்டி இருந்தது. பிசாசு வேஷத்துக்கு ஆள் இல்லை. பிசாசின் வார்த்தைகளைச் சொன்ன வாயால் அப்புறம் சபையில் எப்படிப் பாட்டுப் பாடுவது என்று ஆண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். "யாராவது ஒருத்தர் செஞ்சுதானே ஆகணும்" என்றார் அபிமாயெல். உபவாசம் இருந்தார். பாஸ்டர் அவர் தலையில் எண்ணெய் பூசி ஜெபித்தார். அதற்குப் பிறகுதான் முகத்தில் அடுப்புக்கரியைப் பூசிக்கொண்டார்.

ஜன்னலில் முகம் காட்டி உறுமுகிற காட்சி முதலில் முடிந்தது. நன்றாகவே உறுமினார். அடுத்தது சாப்பாட்டுக் காட்சி. தாயும் மகளும் மேசையில் பீன்ஸும் தொர்த்தியா என்கிற சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர்கள் கண்ணுக்குத் தெரியாத பிசாசு மேசையைக் கடந்து மகளின் அறைக்குள் போக வேண்டும். போனார். போகிறபோது, வேஷத்தையும் மறந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, "நல்லா சாப்பிடுங்க" என்றார். தாயாக நடித்த சகோதரி நொவெமி வாயில் தொர்த்தியாவோடு நிமிர்ந்து பார்த்து, "நன்றிங்க" என்றாள்.

கேமரா ஒரு கல்யாண போட்டோக்காரருடையது. அதைத் திரும்ப வாங்கிப்போக அவர் வாசலில் காத்துக்கொண்டு நின்றார். திரும்ப எடுக்க நேரமில்லை. அந்தக் காட்சி இல்லாமல் பிசாசு அறைக்குள் போக வழியும் இல்லை. இசையைக் கூட்டி அமுக்கிப் பார்த்தாள் யாதிரா. அந்தக் கரகரப்பு எதற்கும் அமுங்கவில்லை.

சனிக்கிழமை மாலை சபையில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் சபைக் கூட்டம் என்றால் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வருகிற வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. மடியிலும் முதுகிலும் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். அபிமாயெல் கடைசி வரிசையில் இருந்தார். ஜன்னல் காட்சியில் பெரிய பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சின்னக் குழந்தைகள் வீறிட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குரல் கேட்டது. அவர் வகுப்பில் எப்போதும் முன்னால் உட்கார்கிற பெத்சாயிதாவின் குரல். அவளுடைய அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அடுத்து மேசைக் காட்சி வந்தது. சபை சிரித்த சிரிப்பில் துணியே ஆடியதுபோல் இருந்தது.

படம் முடிந்ததும், வழக்கப்படி, விரும்பியவர்கள் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னார்கள்.

"ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு. ஆனா பாதி வசனம் கேக்கல" என்றார் ஒருவர்.

"பிசாசுக்கு நம்ம ஊர் மரியாதை தெரிஞ்சிருக்கு. என் மருமகனுக்குத்தான் தெரியல" என்றாள் ஒரு மாமியார்.

"காஸ்காரர் வீட்டுக்குள்ள வந்தா எதுக்குப் பயப்படணும்? காஸ் தீர்ந்தாத்தான் பயம்!" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான்.

மனந்திரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று பாஸ்டர் அழைத்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சிரித்து முடித்தவர்களுக்கு அதற்கு மேல் என்ன தோன்றும்? யாதிரா மேடைக்குப் பின்னால் போய் அழுதாள்.

மறுநாள் தகர அறையில் குட்டி நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன. தாய்மார் பிள்ளைகளைப் பெரியவர்கள் ஆராதனையிலேயே பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அபிமாயெலின் தோளில் கை வைத்தார்.

"பிரதர், தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைங்க பயம் தெளியிற வரைக்கும் சகோதரி நொவெமி வகுப்பைப் பாத்துக்கட்டும். என்ன சொல்றீங்க?"

"வர்ற ஞாயிறு மட்டும் பாக்குறேன் பாஸ்டர். அன்னைக்கும் யாரும் வரலைன்னா, நொவெமி கிட்டயே குடுத்துடுங்க."

அந்த வாரம் அவர் ஏறி இறங்கிய அடுப்படிகளில் எல்லாம் படத்தைப் பற்றித்தான் பேச்சு. மேசைக் காட்சியை மட்டும் யாரோ வெட்டி ஊர் முழுக்க அனுப்பியிருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பசங்க, "பிசாசண்ணே, நாங்க சாப்பிட்டுட்டோம்!" என்று கூவினார்கள். அவர் கையை ஆட்டிவிட்டுப் போனார். தையற்காரி ஒருத்தி, "கரி போதாது அபிமாயெல் அண்ணே, கொம்பு வெச்சிருக்கணும். நான் தைச்சுக் குடுத்திருப்பேனே" என்று குறைப்பட்டாள். ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், சபைக்காரர்கள் பேயைத் தொடவே கூடாது என்றும், தொட்டாலும் நல்ல கேமராவில் தொட வேண்டும் என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவர் "சரிங்க" என்றார், நுரை தடவினார், குமிழைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அனுப்புவீர்களா என்று, அவர் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். குழந்தை இருக்கிற வீடுகளில் அதையும் அவர் கேட்கவில்லை. அங்கெல்லாம் சின்னக் கால்கள் உள்ளறைக்கு ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்டது.

சந்தைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஹசிந்தா கத்தோலிக்கப் பெண்மணி. அவளும் போனில் பார்த்திருந்தாள். குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு அங்கதான் பயமா இருந்துச்சு."

"ஏங்க?"

"உறுமிக்கிட்டு வர்றவனுக்கு நான் கதவையே திறக்க மாட்டேனே. 'நல்லா சாப்பிடுங்க'ன்னு வர்றவனுக்கு நாற்காலி இல்ல எடுத்துப் போடுவேன்? என் மூத்தவளைக் கூட்டிக்கிட்டுப் போனவனும் அப்படித்தான் வந்தான். நானும் 'நன்றி தம்பி'ன்னுதான் சொன்னேன்."

அவர் காலி சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பிறகு, "உங்க மகளுக்காக ஜெபம் பண்றேங்க" என்றார். "பண்ணுங்க, எந்தச் சபையில பண்ணாலும் சரி" என்றாள் ஹசிந்தா.

சனிக்கிழமை யாதிரா வீட்டுக்கும் காஸ் போட வேண்டியிருந்தது. அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பக்கத்துக் கெட்சால்தெனாங்கோ நகரத்தில் எல்லாச் சபை இளைஞர்களும் கூடுகிறார்கள். அங்கே போடுவதற்கு, கதை தாவினாலும் பரவாயில்லை என்று, மேசைக் காட்சியை வெட்டி எறியப் போவதாகச் சொன்னாள். அவர் ஹசிந்தா சொன்னதை, மூத்தவள் கதையை மட்டும் விட்டுவிட்டு, அப்படியே சொன்னார். யாதிரா நகத்தைக் கடித்தாள். காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"வெட்டல பிரதர், இருக்கட்டும். ஆனா நாளைக்கு நீங்க அந்தக் கரியைப் பூசிக்கிட்டு அங்க வாசல்ல வந்து நிக்கணும். நீங்க நின்னாலே கூட்டம் வரும்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. எனக்கு வகுப்பு இருக்கு."

"யாரு பிரதர் வரப்போறாங்க?"

"தெரியல" என்றார். "வந்துட்டு நான் இல்லாமத் திரும்பிப் போயிடக் கூடாதில்ல."

ஞாயிறு காலை இளைஞர்கள் பாட்டுப் பாடியபடி வேனில் கிளம்பிப் போனார்கள். அபிமாயெல் தகர அறையைக் கூட்டினார். குட்டி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒன்றில் தானே கஷ்டப்பட்டு உட்கார்ந்துகொண்டார். சபையில் முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

வாசலில் நிழல் தட்டியது. பெத்சாயிதா. கையில் கடித்த பிஸ்கட். உள்ளே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, தொப்பி வைத்த அவர் தலையையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அவள் உயரத்தில் இன்னும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"அண்ணன் சொன்னான், முடிக்குள்ள மறைச்சு வெச்சிருக்கியாம்."

"எதைக் கண்ணு?"

"கொம்பை."

சபையிலிருந்து அவளைத் தேடிக்கொண்டு அம்மா ஓடி வந்தாள். "பெத்சாயிதா! இங்க என்ன பண்ற?" அபிமாயெல் அந்த அம்மாவைப் பார்த்து, பொறுங்கள் என்பதுபோல் கையை மட்டும் காட்டினார். நாற்காலியிலிருந்து இறங்கி, சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

பிஸ்கட் ஒட்டிய விரல்கள் முதலில் நெற்றிக்கு மேலே பட்டன. பிறகு காதுக்குப் பின்னால். பிறகு உச்சியில் முடியை விலக்கி விலக்கித் தேடின. "இங்க இல்ல" என்றாள், பின்னால் நின்றவர்களிடம். "நீ பாரு." இன்னொரு கை வந்தது. இன்னொன்றும் வந்தது. அபிமாயெல் கண்களை மூடி, அவர்களுக்கு எட்டும்படி தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.