ஆளில்லாத வீட்டில் எரிந்த அடுப்பு

1. படிவத்தில் ஒரு வரி

கனடாவில் வீட்டுக் காப்புறுதி நிறுவனமொன்றில் இருபத்தாறு ஆண்டுகள், இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் கிளெயிம் அட்ஜஸ்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். வெடித்த குழாய், எரிந்த சமையலறை, காற்று கொண்டுபோன கூரை என்று, பிறருடைய வீடுகளுக்குள் அவர்களுடைய மோசமான நாளில் நுழைவதே என் தொழில். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் மோசடிக்காரர்களைப் பற்றியே விசாரிக்கிறார்கள். எனக்கோ முதலில் நினைவுக்கு வருவது மார்த்தாவின் ஃபைல்.

மில்லிக்கனில் ஒரு வரிசை வீடு. தை மாதக் குளிரில் கராஜுக்கு மேலே ஓடிய தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, வரவேற்பறையின் சீலிங் பாதியாக விழுந்திருந்தது. வீட்டுக்காரி மார்த்தா முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவள். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில், மலைச் சரிவில் உள்ள ஒரு சிறிய கிராமத்தைச் சேர்ந்தவள். தாய் விழுந்துவிட்டார் என்று கேட்டு, பதின்மூன்று நாள் பயணமாக ஊருக்குப் போயிருந்தாள். பன்னிரண்டாம் நாள் குழாய் வெடித்தது. திருத்த வேலைக்காரர்களோடு நான் போய்ப் பார்த்து, நாற்பது படங்கள் எடுத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் பொலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. குளிர்காலத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வெளியே போகிறவர் ஒன்றில் வீட்டுக்கு வரும் மெயின் தண்ணீரை மூடிவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் யாராவது ஒருவர் தினமும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இழப்பீடு இல்லை. மார்த்தா தண்ணீரை மூடவில்லை. ஊரிலிருந்து திரும்பியதும் அவள் நிரப்பித் தந்த படிவத்தில், 'தினமும் வீட்டைப் பார்த்தவர் யார், என்ன செய்தார்?' என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதியிருந்தாள்: 'பக்கத்து வீட்டு அம்மா தினமும் என் வீட்டில் நெருப்பு மூட்டினார்.'

என் மேலாளர் அருண் கனடாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. மற்றவர்கள் முன்னால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அறைக்கதவு மூடியிருந்தால் அன்ரி என்பார். அன்று கதவு மூடியிருந்தது.

"அன்ரி, அந்த வீட்டில ஃபயர்பிளேஸே இல்லை. ஆளில்லாத எம்ப்ரி வீட்டுக்குள்ள ஆரோ நெருப்பு வைக்கினமாம். இது இன்னும் வேர்ஸ் எல்லோ?"

"பக்கத்து வீட்டு ஆளைக் கேட்டுப் பாக்கிறன்."

"கேளுங்கோ. பட், ரெண்டு பேரின்ர கதையும் மட்ச் பண்ணாட்டி மிஸ்ரெப்பிரசென்ரேஷன், பொய்த் தகவல் எண்டு வரும். பொலிசியையே கான்சல் பண்ண வேண்டி வரும்."

பொலிசி போனால் மோட்கேஜ், அதாவது வீட்டுக்கடன், கொடுத்த வங்கி சும்மா இராது. மார்த்தா தனியாக உழைத்து வாங்கிய வீடு அது.

2. பரமேஸ் அக்காவின் வாக்குமூலம்

பக்கத்து வீட்டு அம்மா யாழ்ப்பாணத்துக்காரி. பரமேஸ்வரி, அறுபத்தைந்து வயது, மகனோடும் மருமகளோடும் இருப்பவர். நான் யாரென்று சொன்னதும் போனில் அவருடைய குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அக்கா, மார்த்தா ஊருக்குப் போயிருக்கேக்க அவவின்ர வீட்டுக்குள்ள போய் வந்தனீங்களோ?"

"நானோ? நான் ஏன் பிள்ளை போறன்? வீடு பூட்டினது பூட்டினபடி. ஒரு ஈ காக்கா உள்ளுக்குப் போகேல்லை."

"அப்ப தண்ணி வந்தது எப்பிடித் தெரியும்?"

"கராஜ் கதவுக்குக் கீழால வடிஞ்சது. அவசரத்துக்குக் கதவைத் திறக்க எண்டு ஒரு திறப்பு என்னட்டக் கிடந்தது. மகன் போய் வோட்டரைப் பூட்டினவன். அண்டைக்குத்தான் முதலும் கடைசியும்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இது ரெக்கோட் ஆகுது."

"ரெக்கோட் ஆகட்டும். சத்தியமா ஒருத்தரும் போகேல்லை."

இவ்வளவு உறுதியான சாட்சி ஒரு கிளெயிமை முடித்துவிடும். நான் மறுப்புக் கடிதத்தை எழுதினேன். அருண் வாசித்துத் தலையசைத்தார். அதைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒருவருக்கு 'இல்லை' என்று சொல்வதானால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை.

3. புகையை எண்ணும் ஊர்

மார்த்தா என்னைச் சமையலறையில் உட்கார வைத்தாள். வரவேற்பறையில் உட்கார முடியாது. சீலிங் இருந்த இடத்தில் பிளாஸ்ரிக் விரிப்புத் தொங்கியது. கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுக்காமல் முதலில் கேட்டேன்: எந்த நெருப்பு?

அவள் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய ஊருக்குத் தார்வீதி இல்லை. அது முடியும் இடத்திலிருந்து மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். பொலிஸ் இல்லை. மூங்கில் கதவுகளுக்குப் பூட்டும் இல்லை. ஆண்டு முழுவதற்குமான சோளத்தைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். தினமும் புகை பட்டால்தான் சோளத்தில் வண்டு விழாது, கூரைப்புல் உக்காது. ஆகவே வீட்டுக்காரர் வெளியூர் போனாலும் அடுப்பு அணையக் கூடாது. அயல்வீட்டுக்காரி வந்து மூட்டுவாள். சும்மா மூட்டினால் விறகு வீண் என்று, தன் வீட்டுச் சமையலையும் அங்கேயே வைப்பாள்.

"காலையில் முதலில் எழும்புகிறவர் சரிவு முழுவதையும் பார்ப்பார்," என்றாள் மார்த்தா. "எந்தக் கூரையில் புகை இல்லையோ, அந்த வீட்டுக்கு யாராவது போவார்கள். அம்மா விழுந்து கிடந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். புகை வரவில்லை. போய்ப் பார்த்தார்கள். அதனால் இப்போதும் அம்மா இருக்கிறார்."

அதனால்தான் விமான நிலையத்துக்குப் புறப்படும்போது பரமேஸ் அக்காவிடம் திறப்பைக் கொடுத்து, தினமும் என் அடுப்பை மூட்டுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

பரமேஸ் அக்கா சொன்னதை நான் அப்போது சொல்ல வேண்டியிருந்தது. ஒருவரும் உள்ளே போகவில்லை என்று அவர் சாட்சி சொல்லியிருக்கிறார் என்றேன்.

மார்த்தா மேசையில் கிடந்த தன் போனை எடுத்தாள். ஏதோ தேடப் போனவள் நிறுத்தி, அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவர் அப்படிச் சொன்னாரா?"

"ஓம்."

"அப்படியானால் அவர் சொன்னதையே எழுதுங்கள். உங்கள் முன்னால் அவரைப் பொய்யராக்க என்னால் முடியாது. அவர் எனக்குப் பக்கத்து வீடு."

சீலிங் விழுந்த வரவேற்பறையைத் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் இதைச் சொன்னாள். பிறகு எழுந்து எனக்குக் கோப்பி போட அலுமாரியைத் திறந்தாள்.

4. பதினேழாவது படம்

சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஜாம் போத்தல். பாதிக்கு மேல் தீர்ந்த கறித்தூள். அதில் ஒட்டியிருந்த தாளில் நீல மையில் தமிழில் எழுதியிருந்தது: 'வறுத்த தூள். கூடின உறைப்பு.'

அலுவலகத்தில் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த அட்ஜஸ்டர் நான் ஒருத்திதான். முதல்நாள் எடுத்த நாற்பது படங்களில் பதினேழாவதில் இதே தட்டும் இதே போத்தலும் இருந்தன. நனைந்த பொருள்களைத் தேடியதால் நனையாத பொருளை நான் பார்க்கவில்லை. என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில் இதை மட்டும் எப்போதும் வரிசையில் முதலாவதாக வைக்கிறேன்.

"உறைப்புச் சாப்பிடுவாயா, மார்த்தா?"

"ஐயோ, இல்லை. எனக்கு வயிறு தாங்காது."

கோப்பியைக் குடித்து முடித்து, போத்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தேன்.

"அக்கா, உங்கட தூள் அங்க என்ன செய்யுது?"

பரமேஸ் அக்கா போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் திரும்பி மருமகள் நிற்கிறாளா என்று பார்த்தார்.

"அது… இரவல் குடுத்தது."

"அவ உறைப்பே தின்னமாட்டாவாம். பாதிக்கு மேல முடிஞ்சிருக்கு."

"நீர் எங்கட ஆள் எண்டு நினைச்சன். இப்பிடிப் பொலிஸ் மாதிரிக் கேக்கிறீர்."

"எங்கட ஆள் எண்டபடியாத்தான் கேக்கிறன். சொல்லுங்கோ."

"உங்கட இன்சூரன்ஸ்காரர் ஏன் வாறவை எண்டு எனக்குத் தெரியாதே? பேஸ்மென்ற்றில ரெனன்ற் இருக்கோ எண்டு பாக்கத்தானே! ஆள் புழக்கம் இருந்தது எண்டு சொன்னா, வாடகைக்கு விட்டிட்டுப் போட்டா எண்டு எழுதிப்போடுவியள். பாவம், தனிச்ச பொம்பிளை. அதுதான் ஒருத்தரும் போகேல்லை எண்டு சொன்னனான். நான் அவவைக் காப்பாத்தினனான்!"

"காப்பாத்தேல்லை, அக்கா. தினமும் ஆள் போயிருந்தாத்தான் அவவுக்குக் காசு. நீங்கள் போகேல்லை எண்டு சொன்னதால காசு இல்லையெண்டு எழுதின கடிதம் என்ர பையுக்குள்ள கிடக்கு."

அவருடைய கை வாயைப் பொத்தியது. பிறகு குரல் இறங்கியது.

"பன்னிரண்டு நாளும் போனனான் பிள்ளை. இஞ்ச கருவாட்டுக் குழம்பு வைச்சா வீடெல்லாம் மணக்குது எண்டு மருமகள் சண்டை. அங்க ராசாத்தி மாதிரி நிண்டு சமைச்சனான். அண்டைக்கும் சமைக்கத்தான் போனனான், சீலிங்கால தண்ணி கொட்டுது. அடுப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னவ, தினமும் அனுப்பினனான். இந்தாரும், பாரும்."

போனைத் தந்தார். பன்னிரண்டு நாட்கள், பன்னிரண்டு படங்கள். கடைசிப் படத்தில் சீலிங்கிலிருந்து கொட்டும் தண்ணீர்; மற்ற ஒவ்வொன்றிலும் காஸ் அடுப்பின் நீலச் சுவாலை. சிலவற்றில் குழம்புச் சட்டி. எட்டாம் நாள் மட்டும் காலையில் படம் இல்லை. அதற்குப் பதில் மார்த்தாவிடமிருந்து ஒரு செய்தி: 'நெருப்பைக் காணவில்லை. நீங்கள் சுகமா?' அன்று பரமேஸ் அக்கா பனியில் சறுக்கிக் கையைச் சுளுக்கிக்கொண்டு கிளினிக்கில் இருந்திருக்கிறார். பின்னேரம் போய் மூட்டி, இடது கையால் எடுத்த படம் சற்றுக் கலங்கியிருந்தது.

மார்த்தாவின் ஊரில் போனுக்கு சிக்னல் கிடைப்பது மலையுச்சியில் மட்டும்தான் என்பதைப் பிறகு அவளிடமே கேட்டு அறிந்தேன். ஏற ஒரு மணி நேரம். எட்டாம் நாள் அவள் இரண்டு முறை ஏறியிருக்கிறாள்.

5. முடிவு

பரமேஸ் அக்காவின் புதிய வாக்குமூலத்தைப் பதிவு செய்தேன். கருவாட்டின் வகை வரைக்கும் சொன்னார். அருண் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கண்டிஷன் மெற், நிபந்தனை சரி. எவ்ரி சிங்கிள் டே. அப்ரூவ் பண்ணுங்கோ அன்ரி." பிறகு ஆறாம் படத்தில் நின்றார். "இந்தச் சட்டியை மட்டும் ஃபைலில இருந்து எடுங்கோ. எனக்குப் பசிக்குது."

நான் எடுக்கவில்லை. சாட்சிகளில் அதுவே மிகத் தெளிவானது. மறுப்புக் கடிதத்தை நானே கிழித்தேன். மாசி முடிவதற்குள் மார்த்தாவுக்குப் புதிய சீலிங் கிடைத்தது. பரமேஸ் அக்கா வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் அங்கேயே கருவாடு சமைக்கிறார் என்று கேள்வி.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. 'வீட்டைப் பார்த்தீர்களா?' என்று எங்கள் சனத்திடம் கேட்காதீர்கள். அதில் பொறி இருக்கிறதென்றே நினைப்பார்கள். பயந்தவர் தனக்காக மட்டுமல்ல, அயலவருக்காகவும் பொய் சொல்வார். அங்கே என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். உண்மை தானாக வரும்.

ஓய்வுக்குப் பிறகு ஸ்ரௌவ்வில் என்ற சிறு நகரில் இருக்கிறேன். எல்லாம் புதிய வீடுகள். ஒருவரை ஒருவர் காரின் நிறத்தால் அடையாளம் காண்கிறோம். போன குளிர்காலத்தில் மகளிடம் போக இரண்டு வாரம் வீட்டைப் பூட்ட வேண்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் திறப்பைக் கொடுத்தேன். அவளோடு அதற்கு முன் நான் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

"தினமும் வந்து என்ன பாக்க வேணும் அன்ரி? குழாயோ, ஹீற்றரோ?"

"ஒண்டும் பாக்க வேண்டாம், பிள்ளை," என்றேன். "தேத்தண்ணி வைச்சு, இருந்து குடிச்சிட்டுப் போங்கோ. அடுப்பை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ. வராட்டி, உங்களுக்கு என்ன நடந்தது எண்டு நான் கேப்பன்."