பெண்கள் வார்டின் மூன்றாவது ஜன்னல்

புதுப்பிப்பதற்காக இன்று பழைய பெண்கள் வார்டின் தரையைப் பெயர்த்தபோது எழுந்த பினாயில் வாடை, என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோனது. பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், சாயங்காலந்தோறும் ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து அப்பாவுடன் வந்து, வராந்தாவில் மூன்றாவது ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்பேன். அம்மா படுத்தபடியே கையை நீட்டி ஆஸ்பத்திரி ரொட்டியில் பாதியைத் தந்து, என் விரல்களை விடாமல், "கம்பியில ஏறாதேடா, சிஸ்டர் வழக்கு பறைவா, திட்டுவா" என்பாள்.

இன்றும் பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. ஜன்னல்கள் திறக்கும்படி இருக்கட்டும் என்று, இப்போது இதே ஆஸ்பத்திரிக்கு சூப்பரண்டாக இருக்கும் நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். வரைபடம் போட்ட என்ஜினீயர் சிரித்தார்.

"சாரே, ஏசி வார்டல்லே? திறக்காத கண்ணாடி வைக்கலாம், குட்டிகள் பார்த்துட்டுப் போகட்டும்."

"தொட முடியாதே" என்றேன்.

"இன்ஃபெக்‌ஷன் வரும் சாரே."

ஜன்னல் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.