அண்ணன் குடிக்காத டீ

சூலூர் மனமகிழ் மன்றத்தில் சின்ன மேசையில் ரம்மி ஆடி ஜெயித்துக்கொண்டிருந்த என்னைப் பெரிய பந்தய மேசைக்கு ஏற்றிவிட்டவர், பக்கத்துத் தறிக்கூடத்து வேலுச்சாமி அண்ணன். "கண்ணு, உன்ற கைக்கு இந்த மேசை பத்தாது. நானு பின்னால உக்காந்துக்கறேன், தைரியமா ஆடு" என்றார்.

அங்கே எனக்கு நல்ல சீட்டு வந்தால், எல்லோரும் முதல் சுற்றிலேயே 'ஸ்கூட்' சொல்லி, சின்ன நஷ்டத்தோடு ஒதுங்கிவிடுவார்கள். மோசமான சீட்டு வந்தால் ஒருவரும் ஒதுங்க மாட்டார்கள். என் நேரம் சரியில்லை என்றே நினைத்தேன். புதுத் தறிக்குச் சேர்த்த பணம் கரைந்தது. "அடுத்த ஆட்டம் உனக்குத்தான்" என்று அண்ணன் தோளைத் தட்டுவார்.

ஒரு ஞாயிறு மதியம் கை நிறைய ஜோக்கர். "ஏனுங்க, இங்கொரு டீ கொடுங்க" என்று பின்னாலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். உடனே எல்லோரும் ஸ்கூட். வெறுத்துப்போய் எழுந்தேன். கால் எதிலோ இடறியது. அவர் நாற்காலிக்கடியில் நாலைந்து டீ கிளாஸ்கள், ஆடை படிந்து, ஒரு வாய்கூடக் குடிக்காமல் இருந்தன.

எனக்கு நல்ல சீட்டு வந்தபோதெல்லாம் அவர் டீ சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"டீ எல்லாம் ஆறிப்போச்சுங்ணா" என்றேன். அவர் கிளாஸ்களைக் காலால் உள்ளே தள்ளினார். எதிரே இருந்தவர்கள் அவசரமாகச் சீட்டைக் கலைத்தார்கள்.

தறியைப் பிறகு வாங்கிவிட்டேன். ஆனால் இன்றும் யாராவது தோளைத் தட்டித் தைரியம் சொன்னால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, குடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.