கேன்சல் காரின் வலப்பக்க இருக்கை

இலங்கை மலைநாட்டில் இருக்கும் வட்டகொடைக்கு எப்போது போகலாம், எப்படிப் போகலாம் என்று இந்த வலைப்பூவுக்கு அவ்வப்போது கேள்வி வருகிறது. நான் கடைசியாக அங்கே போனது 1965 மார்ச்சில். அதனால் கீழே வரும் கட்டணங்களை நம்பி யாரும் பையைத் தூக்கிவிடாதீர்கள். மலையும் தண்டவாளமும் இடம் மாறியிருக்காது, அவற்றை மட்டும் நம்பலாம்.

அந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு தபால் அட்டை. சவரிமுத்து பென்சிலில் எழுதியிருந்தான்: “கார் ஓடுது. வர்ற புதன்கிழமை நாங்க கப்பலுக்குக் கிளம்புறோம். அதுக்குள்ள வந்தா ஒன்னைய ஏத்திக்கிட்டு ஒரு சுத்து போகலாம். வராட்டியும் பரவாயில்ல.” அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு எனக்கு அன்றைய சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் திங்கட்கிழமைக்கு லீவு கேட்டு வாங்கினேன். ஆறு வருடத்தில் அந்தப் பக்கம் போவதற்காக நான் கேட்ட முதல் லீவு அது.

சவரிமுத்து யார் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான ஒரே லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய காம்பராக்களில் வளர்ந்தவர்கள். அவன் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் ஆனான். நான் கொழும்பில் ஓர் எஞ்சினியர் அலுவலகத்தில் டிரேஸர் ஆனேன். அதாவது, பெரியவர்கள் வரைந்த படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, அதை மையால் அப்படியே எடுக்கிற வேலை. அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் கொழும்புக்குப் போகுமுன், தோட்டத்தை விட்டுப் போன ஒரு துரை தன் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளைத் தொழிற்சாலை ஸ்டோரில் போட்டுவிட்டுப் போனார். அதில் ஒன்றில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் பந்தயக் கார் ஒன்றின் புகைப்படமும், பக்கத்தில் ஒரு வரைபடமும் இருந்தன. கூரை இல்லாத, தாழ்ந்த, நீண்ட மூக்குள்ள கார். அந்தக் கம்பனி மாதிரிக்கு ஒன்றே ஒன்று செய்துவிட்டுத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘கேன்சல்’ என்று இருந்ததை நான் வாசித்துக் காட்டினேன்.

“ஒண்ணுதான் செஞ்சானா?” என்றான் சவரிமுத்து. “அப்ப ரெண்டாவது நாம செய்வோம்.”

அன்றிலிருந்து அதன் பெயர் கேன்சல் கார். நான் சஞ்சிகையைக் கொழும்புக்குக் கொண்டுபோய், படத்தைப் பெரிதாக்கி, டிரேசிங் தாளில் எடுத்து, அளவுகளைத் தனித்தாளில் எழுதித் தபாலில் அனுப்பினேன். சஞ்சிகையை மட்டும் அனுப்பவில்லை. அதைப் பிரிய மனம் வரவில்லை. பிறகு அவன் ஒவ்வொரு வருடமும் வரச்சொல்லி எழுதுவான், நானும் ஒவ்வொரு வருடமும் ஒரு சாக்குச் சொல்லி எழுதுவேன்.

இப்போது அவன் போகப்போகிறான். அவன் வீட்டில் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருந்தார்கள், இங்கே தங்க அனுமதித்த காலம் முடிந்துவிட்டது. பிறந்தது வட்டகொடை. போகிற இடம், அவன் ஒருநாளும் பார்த்திராத திருச்சிப் பக்கம்.

சனிக்கிழமை காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்புக்கு நாலு ரூபாய்க்குச் சற்று மேல். தூரம் நூற்றிருபது மைல் அளவில், நேரம் கிட்டத்தட்ட ஏழு மணி. நாவலப்பிட்டியில் வண்டி கொஞ்சம் நிற்கும், சூடாக வடை கிடைக்கும், இரண்டுக்கு மேல் வாங்காதீர்கள். அங்கிருந்து ஏற்றம். வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டால் பள்ளத்தாக்கெல்லாம் உங்களுக்குத்தான், இடப்பக்கத்துக்காரர்கள் பெரும்பாலும் மலைச் சுவரைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஹட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும், எஞ்சின் புகை உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். நான் மடியில் இருந்த சஞ்சிகையைப் பார்த்துக்கொண்டு அதை மறந்துவிட்டேன். வெள்ளைச் சட்டையின் ஒரு கை கரியாயிற்று.

வட்டகொடையில் இறங்கும்போது பிற்பகல் இரண்டு மணி தாண்டியிருந்தது. தொழிற்சாலை லொறியோடு பியதாச காத்திருந்தார். தோட்டத்து லொறி டிரைவர், சிங்களவர். காருக்கு எஞ்சினும் அடிச்சட்டமும், பள்ளத்தில் உருண்டு கிடந்த ஒரு பழைய காரில் இருந்து தேடிப்பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். தோட்டம் இரண்டரை மைல். பாதி வழியில், சிங்களத்தில் ஐயா என்று கூப்பிட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “மாத்தயா, காரு பாத்து சிரிக்க வேணாம். முத்து ரொம்ப பாடுபட்டது.”

“நான் ஏங்க சிரிக்கப்போறேன்?” என்றேன். அவர் கியரை மாற்றினார்.

சவரிமுத்து தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த கொட்டகை வாசலில் நின்றான். மெலிந்திருந்தான். கட்டிப்பிடிப்பதா கைகொடுப்பதா என்று இருவருக்கும் தெரியாமல், அவன் என் கரிச்சட்டையைத் தட்டிவிட்டான். “தொரை மாதிரி வருவான்னு பாத்தா, பாய்லர்காரன் மாதிரி வர்றான்” என்றான். பக்கத்தில் தச்சர் காளியண்ணன் சிரித்தார். காரின் மரவேலை முழுக்க அவர் கை.

காரை மூடியிருந்த சாக்குத் துணியை இழுத்தார்கள். அதே நீண்ட மூக்கு, அதே தாழ்ந்த இடுப்பு. மேல்தகடு, தேயிலை உலர்த்திக் கழித்துப்போட்ட டிரையரில் இருந்து வெட்டியது, அடித்து அடித்து வளைத்திருந்தான். தரையும் உட்புறமும் தேயிலைப் பெட்டிப் பலகை, சில இடங்களில் பெட்டி எழுத்துகள்கூட அழியவில்லை. தொழிற்சாலை இயந்திரங்களுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ட்.

ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது.

பார்த்த கணமே எனக்குப் புரிந்துவிட்டது. டிரேசிங் தாள் கண்ணாடி மாதிரி, இரண்டு பக்கமும் கோடு தெரியும். எழுத்து இருந்தால் எது மேல்பக்கம் என்று யாருக்கும் தெரியும். நான் எழுத்து எதுவும் போடவில்லை. அதை வரைந்து முடித்த நாள் ஒரு சனிக்கிழமை, தபால் மூடுவதற்குள் அனுப்பிவிட்டு இரண்டரை மணிப் படத்துக்கு ஓட வேண்டியிருந்தது. தாளை அவர்கள் புரட்டிப் பிடித்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் புகைப்படமும் இல்லை. அது இந்த நேரம் என் பைக்குள் இருந்தது.

“என்ன தம்பி, ஸ்டீயரிங்க பாக்குறீங்களா?” என்றார் காளியண்ணன். “படத்துல அப்பிடித்தான இருந்துச்சு?”

“ஆமாங்க” என்றேன். பியதாச வெளியே போய் பீடி பற்றவைத்தார். பையைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரவு சாப்பாடு அவன் வீட்டில். ரொட்டி, சம்பல், கருவாட்டுக் குழம்பு. அவன் மனைவி பிலோமினா சாமான்களைக் கட்டி மூலையில் அடுக்கியிருந்தார். “ஒங்களுக்கு அனுப்புன அட்டையில மூணு தடவ எழுதி அழிச்சாருங்கண்ணே” என்றார். சவரிமுத்து ரொட்டியை மட்டும் பார்த்தான்.

ஞாயிறு காலை எட்டேகாலுக்குப் புறப்பட்டோம். பதிவில்லாத கார், அதனால் அரசாங்க ரோட்டில் இறங்க முடியாது. தொழிற்சாலையில் இருந்து மேல்பிரிவுக்குப் போகும் தோட்ட ரோட்டில் ஒருமுறை போய்வர மட்டும், அப்போது தோட்டத்தை நடத்திய துரை அனுமதி தந்திருந்தார். இரண்டேகால் மைல், பதினொரு வளைவு. கார் அதுவரை தொழிற்சாலை முற்றத்தில், ஒரு ஆளோடுதான் ஓடியிருந்தது. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேலே போய்ச் சேருமா என்பது யாருக்கும் தெரியாது, புதன்கிழமைக்குப் பிறகு பார்க்கவும் ஆள் இல்லை.

நான் வலது பக்கம் ஏறிக்கொண்டேன். எஞ்சின் சூடானதும் காலடிப் பலகையில் இருந்து தேயிலை வாசனை கிளம்பியது. எந்தக் கம்பனிக் காரிலும் அது கிடைக்காது. ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில்லாத நாள், லயத்துச் சனம் முழுக்க வெளியே நின்றது. எல்லோரும் என்னையே பார்த்துக் கைதட்டினார்கள். வலது பக்கம் இருப்பவன்தானே ஓட்டுகிறவன்! மூன்றாம் வளைவில் ஒரு கங்காணி துண்டைத் தூக்கிக் கத்தினார்: “டிரைவர் தம்பி, கையக் கட்டிக்கிட்டு உக்காந்துருக்கீங்க, பாத்து!”

சவரிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைதட்டு முழுக்க அவனுடையது, என் பிழையால் அது எனக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் வளைவில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. நல்லவேளை, பக்கத்திலேயே பீலி, மலையில் இருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று கல்லில் உட்கார்ந்தோம். இனியும் மறைத்தால் அவன் கடல் தாண்டிப் போய்விடுவான்.

“முத்து, ஒண்ணு சொல்லணும்டா. அந்தத் தாள எந்தப் பக்கம் பாக்கணும்னு நான் குறிக்கல. நீங்க திருப்பிப் புடிச்சிருக்கீங்க. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கணும். தப்பு என்னோடது.”

அவன் தகர வாளியைப் பீலிக்கு அடியில் வைத்தான். “தெரியும்” என்றான்.

“தெரியுமா? எப்பருந்து?”

“நாலு வருசமா. ஸ்டீயரிங் பூட்டுன மறுநாளே பியதாச கேட்டான், எந்த ஊர்ல இப்பிடி இருக்குன்னு. தாளத் திருப்பிப் பாத்தேன். சரியா இருந்துச்சு.”

“அப்ப ஏன்டா மாத்தல? ஒரு வாரத்து வேலைதான?”

“ரெண்டு நாளு போதும்.” வாளி நிறைந்து வழிந்தது. அவன் எடுக்கவில்லை. “மாத்துனா காளியண்ணனுக்குத் தெரியும். அவரு சும்மா இருப்பாரா, ஒனக்கு எழுதிப் போட்டுருவாரு. ஒன்னையத்தான் தெரியுமே, வெக்கப்பட்டுக்கிட்டு இந்தப் பக்கமே வரமாட்ட. அதான் பியதாசகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன். தப்பு காருல இருந்துட்டுப் போகட்டும், மச்சான். நீ வரணும்ல.”

ஆறு வருடம் அனுப்பிய சாக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் இந்த வயதில் எனக்கு வெட்கமில்லை.

தண்ணீர் ஊற்றி மறுபடி கிளப்பினோம். மிச்ச இரண்டு வளைவையும் முதல் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறிற்று. மேலே தேயிலை முடிகிற இடத்தில் நிறுத்தினான். அங்குதான் சஞ்சிகையை அவனிடம் கொடுத்தேன். அந்தப் புகைப்படத்தை வெகுநேரம் பார்த்தான்.

“நம்மளுது நல்லாருக்கு” என்றான். கொஞ்சம் கழித்து, “இந்தியாவுலயும் ஸ்டீயரிங் வலது பக்கந்தானாமே?”

“ஆமா.”

“அப்ப இது வேற எங்கயும் ஓடாது. இந்த ரோட்டுலதான் ஓடும்.” பச்சைத் தகட்டின் மேல் கையை வைத்தபடி நின்றான். கீழே தொழிற்சாலைக் கூரை மினுங்கியது. இறங்கலாம் என்று நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

திங்கள் காலை அவனே ஸ்டேஷன் வரை வந்தான். புதன்கிழமை வரை இருந்திருக்கலாம். ஒரு நாள் லீவு என்று வந்தவன் அப்படியே கிளம்பினேன், அந்தப் புத்தி இப்போதுதான் வருகிறது. அவனிடம் இருந்து இரண்டு கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. நான் எழுதியவை விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தன. காரைப் பியதாச வைத்துக்கொண்டார். அவருக்குப் பிறகு என்னவாயிற்று என்று தெரியாது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பெப்ரவரி, மார்ச்சில் போங்கள், மழை குறைவு. கம்பளிச் சட்டை கட்டாயம். தோட்ட ரோட்டில் நடக்குமுன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வரச்சொல்லி யாராவது எழுதி, கீழே ‘வராட்டியும் பரவாயில்ல’ என்றும் சேர்த்திருந்தால், அந்த வாரமே கிளம்புங்கள்.

ரயிலில் போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள் என்றேன். கொழும்புக்குத் திரும்பும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால்தான் பள்ளத்தாக்கு தெரியும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அன்று இடப்பக்கம் காலியாகவும் இருந்தது. நான் வலப்பக்கமே உட்கார்ந்து, நாவலப்பிட்டி வரை மலைச் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.